ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு கோ-லிவிங் கட்டடம்: முதன்முறை வரைபவர்களுக்கு

கோ-லிவிங் கட்டடம் ஒன்றை வரையச் சொல்லி முதன்முறையாக வேலை வரும்போது, பெரும்பாலானவர்கள் அறையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அறையைச் சிறிதாக வரைந்து, நடைவழியின் இருபுறமும் வரிசையாக அடுக்கி, மிஞ்சிய மூலையில் 'பொது அறை' என்று எழுதிவிடுகிறார்கள். அறைக் கணக்கு சரியாக வந்துவிடும். ஆனால் அந்தப் பொது அறையில் யாரும் வந்து உட்கார மாட்டார்கள். கொஞ்ச நாளில் உடைந்த நாற்காலிகள் போட்டுவைக்கும் இடமாக அது மாறிவிடும்.

நான் சொல்ல வருவது வேறு வரிசை. முதலில் ஒரே ஒரு கோட்டை வரையுங்கள்: ரயில் வந்து நிற்கும் பிளாட்பாரத்தில் தொடங்கி, குடியிருப்பவர் படுக்கும் கட்டில் வரைக்கும். நிலையத்தின் எந்த வாசல் வழியாக வெளியே வருகிறார், எந்தச் சாலையைக் கடக்கிறார், சைக்கிளை எங்கே விடுகிறார், எந்தக் கதவுகளைத் திறக்கிறார், அறைக்குப் போகும் வழியில் யாரைப் பார்க்கிறார், அறைக்குள் போனபின் அவருக்கு என்ன காதில் விழுகிறது. இந்தக் கோட்டின் மேல் எது எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்வதுதான் இந்த வகைக் கட்டடத்தின் வடிவமைப்பு. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கோட்டைத் தொடர்ந்து போகின்றன.

அதற்கு முன் கோ-லிவிங் என்றால் என்ன என்பதில் தெளிவாக இருந்துகொள்வோம். ஒவ்வொருவருக்கும் பூட்டிக்கொள்ளக்கூடிய தனி அறை, பெரும்பாலும் தனிக் குளியலறை. சமையலறை, உட்காரும் இடம், துணி துவைக்கும் இடம், வேலை பார்க்கும் இடம் ஆகியவை பொது. யோசனை புதிதல்ல. மாஸ்கோவில் 1930-ல் முடிந்த நார்கோம்ஃபின் கட்டடமும், லண்டனில் 1934-ல் திறக்கப்பட்ட ஐசோகான் கட்டடமும் வீட்டுக்குள் சமையலறையைச் சுருக்கி, அந்த வேலையைப் பொது வசதிக்கு மாற்றிப் பார்த்தவை. இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது ரயில்தான். கார் இல்லாமல் வாழ முடிகிற இடத்தில் கட்டினால் கார் நிறுத்தும் தளங்கள் வேண்டாம். அந்தப் பரப்பும் செலவும் மனிதர்களுக்குப் போகும்.

முதல் படி: மனைக்குப் போய் நடந்து பாருங்கள்

நிலையத்தைச் சுற்றி வட்டம் போட்டு '500 மீட்டருக்குள்' என்று காட்டும் வரைபடத்தை நம்பாதீர்கள். வட்டத்துக்குச் சாலைகள் தெரியாது. மனை நிலையத்திலிருந்து நேர்க்கோட்டில் 300 மீட்டர் தள்ளி இருக்கலாம். நடுவில் ஒரு பெரிய சாலையோ கால்வாயோ தண்டவாளமோ இருந்தால் நடக்க வேண்டிய தூரம் அதைப் போல மூன்று மடங்காகிவிடும். சாதாரண நடைவேகம் நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர். அதனால்தான் 400 மீட்டரை ஐந்து நிமிட நடை என்றும் 800 மீட்டரைப் பத்து நிமிட நடை என்றும் நகரத் திட்டமிடுபவர்கள் கணக்கு வைக்கிறார்கள். இந்தக் கணக்கில் சிக்னலில் காத்திருக்கும் நேரம் சேராது. நிலையத்துக்குள் பிளாட்பாரத்திலிருந்து மேலே ஏறி வரும் நேரமும் சேராது. ஆழமான சுரங்க நிலையம் என்றால் அதற்கே சில நிமிடங்கள் போய்விடும்.

ஆகவே பகலில் ஒரு முறை, கடைசி ரயிலை ஒட்டி இரவில் ஒரு முறை, மழை நாளில் ஒரு முறை நடந்து பாருங்கள். ஒரு முறையாவது சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு நடங்கள். நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, எங்கே படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் பெட்டி உடனே சொல்லிவிடும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அதே இடங்களில்தான் சிக்கல் வரும். இருட்டான இடங்களையும், ஆள் நடமாட்டமில்லாத நீண்ட சுவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலைய வாசல்கள் எந்த நேரத்தில் மூடப்படுகின்றன என்றும் கேளுங்கள். பகலில் திறந்திருக்கும் பக்கத்து வாசல் இரவில் பூட்டப்பட்டால் உங்கள் கோடு இரவில் வேறு கோடாகிவிடும்.

ரயில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பது தூரத்தைப் போலவே முக்கியம். பத்து நிமிடத்துக்குள் அடுத்த வண்டி வருமென்றால் மக்கள் அட்டவணையைப் பார்க்காமலே கிளம்புவார்கள். அரை மணிக்கு ஒன்று என்றால், நிலையம் வாசலிலேயே இருந்தாலும் சிலர் கார் வாங்கிவிடுவார்கள். ரயில் நின்றுபோனால் கைகொடுக்க ஒரு பேருந்துத் தடம் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாம் படி: பென்சில் எடுக்கும் முன் மூன்று அலுவலகங்கள்

முதல் கேள்வி, உங்கள் ஊர் விதிகள் இந்தக் கட்டடத்தை என்னவென்று அழைக்கின்றன என்பது. குடியிருப்பா, விடுதியா, தங்கும் ஓட்டலா? பெயர் மாறினால் அறையின் குறைந்தபட்ச அளவு, சமையலறை விதி, தீ பாதுகாப்பு, வரி எல்லாம் மாறும். சில நகரங்களில் இதற்கெனத் தனி வகை உண்டு. லண்டன் மாநகரம் பெரிய அளவிலான பகிர்வுக் குடியிருப்புக்கென்றே கொள்கை வைத்திருக்கிறது. 2024-ல் வெளியிட்ட வழிகாட்டலில் தனி அறை 18 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, 27-ஐத் தாண்டவும் கூடாது என்கிறது. கீழ் வரம்பு புரிகிறது. மேல் வரம்பு எதற்கு? பொது வசதிகளைக் குறைத்துவிட்டு, விதிகளுக்கு அகப்படாத சின்ன வீடுகளை இந்தப் பெயரில் யாரும் விற்றுவிடக் கூடாது என்பதற்காக. இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. நியூயார்க் நகரம் 1955-ல் சமையலறையையோ குளியலறையையோ பலர் பகிர்ந்துகொள்ளும் ஒற்றை அறைக் குடியிருப்புகளைப் புதிதாகக் கட்டுவதற்கே தடை போட்டது. ஒரு ஊரில் எடுபட்ட வரைபடத்தை இன்னொரு ஊருக்கு அப்படியே தூக்கிப்போக முடியாது.

இரண்டாவது கேள்வி கார் நிறுத்தம் பற்றியது. வீட்டுக்கு இத்தனை என்று கட்டாயம் இருந்தால், இந்தத் திட்டத்தின் கணக்கே அடிபட்டுப் போகும். மெக்சிகோ நகரம் 2017-ல் குறைந்தபட்சக் கட்டாயத்தை எடுத்துவிட்டு அதிகபட்ச வரம்பு வைத்தது. நியூசிலாந்து 2020-ல் கொண்டுவந்த தேசியக் கொள்கை வழியாக நகரங்களின் கட்டாயங்களை நீக்கச் சொன்னது. உங்கள் ஊரில் நிலையத்தை ஒட்டிய மனைகளுக்கு விலக்கு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளின் வண்டி, ஆம்புலன்ஸ், சாமான் ஏற்றி இறக்கும் வண்டி ஆகியவற்றுக்கான இடத்தை மட்டும் எந்த விலக்கின் பேரிலும் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவதாக ரயில் நிர்வாகம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுரங்கப்பாதைக்கு அருகே அடித்தளம் தோண்ட, பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அடித்தளத் தூண்) இறக்க, சில இடங்களில் கிரேன் கை வீசக்கூட அவர்களின் அனுமதி வேண்டும். சுரங்கம் எங்கே, எவ்வளவு ஆழத்தில் போகிறது, அதன் மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்ற வரைபடத்தை முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பேஸ்மென்ட் போட முடியுமா என்பது அதில்தான் தெரியும்.

மூன்றாம் படி: சத்தமும் அதிர்வும்

நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் இந்தக் கட்டடத்தின் பலம். அதன் பெரிய தொல்லையும் அங்கிருந்தே வருகிறது. இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். இங்கே செய்யும் தவறைக் கட்டி முடித்தபின் சரிசெய்ய வழியே இல்லை.

மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காற்றின் வழியாக ஜன்னலுக்குள் வரும் சத்தம் ஒன்று. தரை வழியாக வந்து கட்டிலை நடுங்கவைக்கும் அதிர்வு இன்னொன்று. மூன்றாவது, அதே அதிர்வு சுவரையும் தளத்தையும் அசைத்து அறைக்குள் எழுப்பும் தாழ்ந்த உறுமல். சுரங்க ரயிலுக்கு மேல் இருக்கும் கட்டடங்களில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது. ஜன்னலை எவ்வளவு தடிமனாகப் போட்டாலும் இது நிற்காது.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பியப் பகுதிக்கு வெளியிட்ட பரிந்துரையில், ரயில் சத்தம் கட்டடத்துக்கு வெளியே நாள் முழுவதுக்குமான சராசரியில் 54 டெசிபலுக்கும், இரவில் 44 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறது. நெரிசலான நகரத்தில், நிலையத்தை ஒட்டிய மனையில், இந்த அளவு கிடைப்பது அரிது. அப்படியென்றால் கட்டடத்தின் வடிவமே அந்த வேலையைச் செய்ய வேண்டும். உறுமல் சத்தத்துக்கு அமெரிக்காவின் மத்தியப் போக்குவரத்து நிர்வாகம், அடிக்கடி ரயில் ஓடும் பாதையை ஒட்டிய வீடுகளுக்கு 35 டெசிபல் என்ற அளவை வைத்திருக்கிறது. ஒலியியல் ஆலோசகரிடம் பேசும்போது இந்த எண்கள் கையில் இருக்கட்டும்.

முதலில், காலி மனையிலேயே கருவி வைத்து ஒரு முழு நாள் அளக்கச் சொல்லுங்கள். அதிர்வு அதிகம் என்று தெரிந்தால், தூண்களுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே ரப்பர் அல்லது ஸ்பிரிங் தாங்கிகளைப் போட்டு முழுக் கட்டடத்தையும் தரையிலிருந்து பிரிக்கலாம். லண்டனில் ஒரு சுரங்க நிலையத்துக்கு நேர் மேலே 1960-களிலேயே அல்பனி கோர்ட் என்ற குடியிருப்பை ரப்பர் தாங்கிகளின் மேல் கட்டிவிட்டார்கள். முறை பழையது, நம்பகமானது. ஆனால் ஒரு குழாய், ஒரு படிக்கட்டு, ஒரு லிஃப்ட் குழி கட்டடத்தையும் தரையையும் இறுக்கமாக இணைத்துவிட்டால், அதிர்வு அந்த வழியாக மேலே ஏறிவிடும். அதனால் இது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரோடு முதல் கூட்டத்திலேயே பேச வேண்டிய விஷயம்.

அப்புறம் வடிவம். தண்டவாளத்தைப் பார்க்கும் பக்கத்தில் படிக்கட்டு, லிஃப்ட், துணி துவைக்கும் அறை, பொதுச் சமையலறை ஆகியவற்றை வையுங்கள். படுக்கை அறைகள் அமைதியான பக்கத்தை, முடிந்தால் ஒரு உள்முற்றத்தைப் பார்க்கட்டும். எல்லா அறைகளையும் அப்படித் திருப்ப முடியாது என்றால், சத்தமான பக்கத்து அறைகளுக்கு ஜன்னலை மூடினாலும் காற்று வர ஒரு வழி செய்யுங்கள். ஜன்னலைத் திறந்தால் தூங்க முடியாது, மூடினால் மூச்சு முட்டும் என்ற நிலையில் ஒருவரை விடுவது அநியாயம். சத்தம் தடுக்கும் காற்றுத் துவாரமோ மெல்லச் சுழலும் இயந்திரக் காற்றோட்டமோ அந்த அறைகளுக்குக் கட்டாயம்.

வெளிச்சத்தம் போதாதென்று உள்ளே இருந்தும் சத்தம் வரும். முன்பின் தெரியாதவர்கள் ஒரு சுவருக்கு இருபுறமும் தூங்கப்போகிறார்கள். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட விதி, வீடுகளைப் பிரிக்கும் சுவருக்கு ஒலித்தடுப்பு மதிப்பெண் (STC) 50 கேட்கிறது; எண் கூடக் கூட, சுவர் சத்தத்தை அதிகம் தடுக்கும். இங்கே அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சுவரையும் சின்னச் சின்ன விஷயங்கள் கெடுத்துவிடும்: இரு அறைகளின் பிளக் பாயின்ட்டுகள் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாக வருவது, கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே முடிக்காமல் விட்ட சுவர். இவற்றை வரைபடத்திலும் பாருங்கள், வேலை நடக்கும்போது தளத்திலும் போய்ப் பாருங்கள்.

நான்காம் படி: ஒரு சமையலறைக்கு எத்தனை பேர்

கோ-லிவிங் நன்றாக நடக்குமா நடக்காதா என்பதை இந்த ஒரு எண்ணே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆறிலிருந்து பத்துப் பேர் வரை ஒரு சமையலறை என்றால், யார் பாத்திரத்தைக் கழுவாமல் போட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் அது தெரியும். முப்பது பேருக்கு ஒன்று என்றால் அது யாருடையதும் அல்ல. நிர்வாகம் ஆள் வைத்துக் கழுவ வேண்டும், அறிவிப்புகள் ஒட்ட வேண்டும், கடைசியில் கேமரா வைக்க வேண்டும். எட்டு என்பது நான் திரும்பத் திரும்ப வந்து சேரும் எண்.

கணக்கில் போட்டுப் பார்ப்போம். அறையின் அகலம் 3 மீட்டர், ஆழம் 6 மீட்டர். நடைவழியின் ஒவ்வொரு பக்கமும் ஐந்து கட்டம், ஆக மொத்தம் பத்து. அதில் எட்டு கட்டங்கள் அறைகள். அடுத்தடுத்த இரண்டு கட்டங்களைச் சேர்த்து 6-க்கு 6 மீட்டரில் சமையலறையும் சாப்பாட்டு மேசையும். ஆளுக்கு 4.5 சதுர மீட்டர் பொது இடம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. ஒரு சமையலறையைப் பகிரும் இந்த எட்டுப் பேர் ஒரு குழு. இப்படி மூன்று குழுக்களைச் சேர்த்தால் 45 மீட்டர் நீளத்தில், தளத்துக்கு 24 பேர். நடைவழி 1.8 மீட்டர் என்றால் கட்டடத்தின் அகலம் சுவர்களோடு சேர்த்து 14.5 மீட்டர் அளவில் வரும்.

இப்போது அந்தச் சமையலறைக்குள் கொஞ்சம் போவோம். அது குழுவின் கடைக்கோடியில் இருக்கக் கூடாது; லிஃப்டிலிருந்து வருபவர் தன் அறைக்குப் போகும் வழியில், குழுவின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். நடைவழிப் பக்கம் கண்ணாடி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நுழையலாமா, தலையசைத்துவிட்டுப் போய்விடலாமா என்று முடிவு செய்யும் உரிமை வருபவருக்கு வேண்டும். கண்ணாடி இல்லாத கதவைத் திறந்து உள்ளே போனபின் திரும்பி வருவது கூச்சமான காரியம். அதனாலேயே கூச்ச சுபாவம் உள்ளவர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். நடைவழி தப்பிக்கும் பாதையும் ஆகையால் அந்தக் கண்ணாடி தீயைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ளும் கதவாக இருக்கட்டும். சாதாரண நேரத்தில் அதைக் காந்தப் பிடிப்பில் திறந்து வைத்திருக்கலாம். தீ எச்சரிக்கை ஒலித்தால் பிடி விட்டுக் கதவு மூடிக்கொள்ளும்.

எட்டுப் பேருக்கு இரண்டு அடுப்பு மேடைகள், இரண்டு சிங்க்குகள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் முதுகு இடிக்காமல் நின்று சமைக்க மேடைகளுக்கு நடுவே 1.2 மீட்டராவது வேண்டும். ஆளுக்கொரு பூட்டு வைத்த அலமாரியும் குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கொரு தட்டும் ஒதுக்குங்கள். பொதுச் சமையலறைகளில் நடக்கும் சண்டைகளில் பாதி, வைத்த பொருள் காணாமல் போவதால் வருபவை. மேசை ஒன்றே போதாது: பெரிய மேசை ஒன்று, ஜன்னலோரம் இரண்டு பேர் மட்டும் உட்காரும் மேடை ஒன்று. தனியாகச் சாப்பிட விரும்புபவரும் அறைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடாமல் அங்கேயே இருப்பார்.

ஜப்பானின் நகோயாவில் 2013-ல் கட்டப்பட்ட எல்டி ஜோசாய் என்ற சின்னக் கட்டடத்தைத் தேடிப் பாருங்கள். பதின்மூன்று அறைகள்தான். அறைகளை வெவ்வேறு உயரங்களில் தள்ளித் தள்ளி வைத்து, அவற்றுக்கு நடுவே உருவாகும் இடைவெளிகளையே பொது இடமாக்கியிருக்கிறார்கள். ஒரே பொது இடத்துக்குள் கூட்டமாக உட்காரவும், ஒதுங்கி ஒருவராக உட்காரவும் இடம் கிடைக்கிறது. பெரிய கட்டடத்தில் அப்படியே செய்ய முடியாது. ஆனால் ஒரே அளவில் ஒரே பெரிய ஹாலைப் போடுவதற்குப் பதில் பலவகை மூலைகளை அமைக்கலாம் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: அறை

அறையில் கஞ்சத்தனம் காட்டினால் பொது இடத்துக்கு ஆள் வருவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருக்க முடிகிறவர்தான் வெளியே வந்து நாலு பேரோடு பேசுவார்.

மேலே சொன்ன 3-க்கு 6 மீட்டர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்ததும் ஒரு பக்கம் 1.5-க்கு 2.2 மீட்டர் குளியலறை, எதிரே சுவரை ஒட்டி அலமாரி. இந்தக் குறுகிய பகுதியைத் தாண்டினால் 3-க்கு 3.8 மீட்டரில் அறை விரிகிறது. கட்டில் பக்கச் சுவரை ஒட்டி, மேசை ஜன்னலுக்குக் கீழே. கதவு திறந்தால் நடைவழியில் போகிறவர் கண்ணில் கட்டில் படக் கூடாது. பக்கத்து அறையின் கட்டில் அதே சுவரின் மறுபக்கம் வராதபடி அறைகளின் அமைப்பை முடிவு செய்யுங்கள். ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் வரைக்கும்தான் பகல் வெளிச்சம் சரியாக எட்டும், விளிம்பு 2.4 மீட்டரில் இருந்தால் கட்டிலும் மேசையும் வெளிச்சத்துக்குள் வந்துவிடும்.

குளியலறைக் குழாய்கள் போகும் டக்டுக்குக் கதவை நடைவழிப் பக்கம் வையுங்கள். ஒரு குழாய் ஒழுகியதற்காக ஒருவர் இல்லாத நேரத்தில் அவர் அறையைத் திறக்க வேண்டிய அவசியம் வரக் கூடாது.

அறைக்குள் அடுப்பு வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. அடுப்பு வந்தால் எட்டுப் பேர் மேசை காலியாகிவிடும், எட்டு இடங்களில் தீ ஆபத்தும் வரும். ஆனால் ஒரு சின்ன சிங்க், வெந்நீர் வைக்க ஒரு பிளக் பாயின்ட், சின்னக் குளிர்சாதனப் பெட்டிக்கு இடம் ஆகிய மூன்றும் வேண்டும். காய்ச்சலில் கிடப்பவரை நடைவழி தாண்டி வரவைக்காதீர்கள்.

சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வட்டம் வேண்டும். 3 மீட்டர் அகல அறைக்குள் அதைக் குளியலறையோடு சேர்த்து அடக்க முடியாது. ஆகவே தளத்துக்கு ஒன்றிரண்டு அறைகளை ஆரம்பத்திலேயே அகலமாக வரையுங்கள். எல்லாவற்றையும் தரைத்தளத்தில் கொண்டுபோய் ஒதுக்காமல், வெவ்வேறு தளங்களிலும் குழுக்களிலும் பரப்பி வையுங்கள்.

ஆறாம் படி: வாசலிலிருந்து குழு வரை

தெருவில் வருபவருக்கும் கட்டிலுக்கும் நடுவே எத்தனை பூட்டுகள்? தெருக் கதவு, குழுவின் கதவு, அறைக் கதவு. மூன்று போதும். நான்காவது வந்தால் ஏதோ ஒன்றைக் கல் வைத்துத் திறந்தே வைத்துவிடுவார்கள்.

சைக்கிள் நிறுத்துமிடம் தெருவின் மட்டத்தில், வாசலுக்கு முன்னாலேயே வர வேண்டும். பேஸ்மென்ட்டுக்குச் சரிவில் தள்ளிக்கொண்டு போக வேண்டுமென்றால் யாரும் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். பார்சல் அறையும் தபால் பெட்டிகளும் லிஃப்டுக்கு எதிரே. வெளியே போகும் வழியில், லிஃப்டிலிருந்து இறங்கியதும் கண்ணில் படும் இடத்தில், அடுத்த ரயில்கள் வரும் நேரத்தைக் காட்டும் திரை ஒன்றை வையுங்கள். செலவு அதிகமில்லை. வண்டிக்கு இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது என்று தெரிந்தால், ஓடவேண்டிய ஒருவர் நின்று பேசுவார்.

துணி துவைக்கும் அறையை நிலவறையில் ஒளித்துவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். துணி துவைத்து முடிய அரை மணிக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தில் உட்கார ஒரு நல்ல இடம் பக்கத்தில் இருந்தால் அங்கே தானாகவே பழக்கம் பிறக்கும். மொட்டைமாடியை ஒட்டி வைத்தால் துணி உலர்த்தவும் வசதி.

தரைத்தளத்தின் தெருப்பக்கத்தை முழுவதும் உள்ளே இருப்பவர்களுக்கே எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலையத்துக்கு நடப்பவர்கள் எல்லோரும் அந்த முகப்பைக் கடந்துதான் போகிறார்கள். கடைகளோ, சைக்கிள் பழுதுபார்க்கும் இடமோ, குழந்தைகள் காப்பகமோ அங்கே வரட்டும். இரவு விளக்கு எரியும் ஜன்னல்கள் அந்த நடையைப் பாதுகாப்பாக்கும்.

இதையெல்லாம் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் சூரிச் நகரில் 2014-ல் திறக்கப்பட்ட கால்க்பிரைட்டே கட்டடம் இருக்கிறது. டிராம் வண்டிகள் நிற்கும் கொட்டகையின் மேல் கட்டிய கூட்டுறவுக் குடியிருப்பு அது. கொட்டகையின் கூரை ஒரு பெரிய முற்றம். அக்கம்பக்கத்தவர்களும் படியேறி வந்து உட்காரலாம். குடியிருப்பவர்கள் சொந்தக் கார் வைத்துக்கொள்வதில்லை என்று ஒப்புக்கொண்டே சேர்கிறார்கள். சிறு சிறு தனி அலகுகள் ஒரு பெரிய பொது அறையைச் சுற்றி அமைந்த குழு வீடுகளும் அங்கே உண்டு.

ஏழாம் படி: குழாய், மின்சாரம், தீ

இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்; ஒவ்வொன்றுக்கும் அதற்கான வல்லுநர் உங்கள் கூடவே இருக்க வேண்டும்.

ரயிலைப் பிடிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் குளித்து, ஒரே நேரத்தில் லிஃப்டுக்கு வருவார்கள். தண்ணீர் அழுத்தம், வெந்நீர், லிஃப்ட் எண்ணிக்கை மூன்றையும் காலை நெரிசலுக்குக் கணக்கிடுங்கள்; நாள் சராசரிக்குக் கணக்கிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். வெந்நீரைப் பொதுத் தொட்டியில் சேமித்தால் 60 டிகிரி செல்சியஸில் வையுங்கள், இல்லையென்றால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளர வாய்ப்பு உண்டு. அறைகளில் குளியலறைக் குழாயருகே கலவை வால்வு வைத்துச் சூட்டைக் குறையுங்கள்.

படிக்கட்டுகள் இரண்டு, கட்டடத்தின் இரு முனைகளிலும். எல்லா அறைகளிலும் ஒன்றோடொன்று இணைந்த புகை உணரிகள், எல்லாத் தளங்களிலும் தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர். முன்பின் தெரியாத பலர் தூங்கும் கட்டடம் இது. பாதிப் பேருக்கு வழி பழகியிருக்காது. உள்ளூர் விதி இதைவிடக் குறைவாகக் கேட்டாலும் குறைக்காதீர்கள்.

தூண்களை 6 மீட்டர் இடைவெளியில் வைத்தால் நடுவில் இரண்டு அறைகள் சரியாக அமரும். அறைகளுக்கு நடுவே உள்ள சுவரைப் பாரம் தாங்காத சுவராக வையுங்கள். பின்னாளில் இரண்டு அறைகளைச் சேர்த்து ஒரு குடும்பத்துக்கான வீடாக்கவோ மூன்றைச் சேர்க்கவோ முடியும். கோ-லிவிங் நிறுவனம் மாறலாம், மூடப்படலாம். கட்டடம் பல தலைமுறைக்கு நிற்கப்போகிறது.

எட்டாம் படி: வரைபடத்தைச் சோதியுங்கள்

அனுமதிக்கு அனுப்பும் முன், அச்சிட்ட வரைபடத்தில் மூன்று பேரை நடக்கவிடுங்கள். இரவுப் பணி முடிந்து அதிகாலையில் வரும் செவிலியர்: அவர் பகலில் தூங்கும்போது சமையலறைச் சத்தம் எந்தச் சுவரில் மோதுகிறது? சக்கர நாற்காலியில் வருபவர்: லிஃப்ட் பழுதானால் அவர் என்ன செய்வார், இரண்டாவது லிஃப்ட் அதே தளங்களுக்குப் போகிறதா? ஊருக்கே புதிதாக, இரண்டு பெட்டிகளோடு நள்ளிரவில் வந்திறங்குபவர்: சாவி எங்கே கிடைக்கும், முதல் நாள் யாரைக் கேட்பார்? விடை சொல்ல முடியாத இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, அதைச் சரிசெய்தபின் அனுப்புங்கள்.

இதோடு வாடகையையும் பேசிவிட வேண்டும். நிலையம் வந்தால் சுற்றுப்புறத்தில் நிலமதிப்பு ஏறும். அங்கேயே காலங்காலமாக இருந்தவர்கள் முதலில் வெளியேற வேண்டிவரும். கார் நிறுத்தத்தை விட்டதால் மிச்சமான செலவில் ஒரு பங்கு, குறைந்த வாடகை அறைகளாகத் திரும்ப வேண்டும் என்று முதலீட்டாளரிடம் கேளுங்கள். அந்த அறைகள் மற்ற அறைகளைப் போலவே இருக்கட்டும், அதே குழுக்களில், அதே கதவுகளோடு. வரைபடத்தில் எது எந்த வாடகை அறை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியக் கூடாது.

கடைசியாக, தளத்துக்கு ஒரு அறையையாவது எதற்கென்று முடிவு செய்யாமல் விட்டுவையுங்கள். தண்ணீர், மின்சாரம், வெளிச்சம் எல்லாம் கொடுத்து வெறுமையாக விடுங்கள். கால்க்பிரைட்டேயிலும் இப்படிப் பயன் முடிவு செய்யாத அறைகளை விட்டு, குடியிருப்பவர்களே தீர்மானிக்கச் செய்தார்கள். உடற்பயிற்சிக்கா, இசைக்கா, விருந்தினர் தங்கவா என்பதை முதல் வருடம் முடிந்ததும் ஒரு கூட்டம் போட்டு அங்கே வாழ்பவர்கள் சொல்லட்டும். அந்தக் கூட்டத்துக்கு நீங்களும் போங்கள். எந்தக் கதவைக் கல் வைத்துத் திறந்திருக்கிறார்கள், எந்த அறையில் ரயில் கேட்கிறது, எந்த மேசையில் ஆள் உட்காருவதில்லை என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கட்டடத்துக்கான தேவைப் பட்டியலின் முதல் பக்கம் அதுதான்.